கொள்ளுப்பாட்டியின் அப்பா பெயர்

எங்கள் குடும்பத்தில் ஒருவர் நான்கு எழுத்துக்கூட்டலில் இருக்கிறார். அவருக்குப் படம் கிடையாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார் என்பது வீட்டுப் பேச்சு, அவ்வளவுதான். என் தாத்தாவின் அம்மா பெயர் அஞ்சலை. அஞ்சலையைப் பெற்றவர் அவர். மகளின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நான்கு காகிதங்களில் நிற்கிறார், நான்கிலும் வேறு வேறு ஆள் மாதிரி.

தாத்தாவின் சூராட் பெரானாக்கில், அதாவது பிறப்புப் பத்திரத்தில், அம்மா பெயர் எழுதும் இடத்தில், அவர் எம், ஓ, டி, ஏ, ஒய், ஏ, என். தாத்தாவின் தங்கையுடைய பிறப்புப் பத்திரத்தில் ஓ போய் யு வந்து, டி இரண்டாகிவிட்டது. அஞ்சலையின் பழைய ஐ.சி. (அடையாள அட்டை) நகலில் சுத்தமாக 'முத்தையா', டி-க்குப் பக்கத்தில் எச் எல்லாம் வைத்து. அஞ்சலையைப் புதைக்கக் கொடுத்த சீட்டிலோ இரண்டு ஓ. அதை மூத்தையா என்றும் படிக்கலாம், மூட்டையா என்றும் படிக்கலாம்.

அஞ்சலையும் தப்பவில்லை. ஒரு காகிதத்தில் அவர் 'ஏஞ்சலே'. விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டியவரைத் தேவதையாக்கிய கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) யாரோ, நன்றாக இருக்கட்டும்.

இதையெல்லாம் நான் கிளறியதற்குக் காரணம் ஒரு கல். நிபோங் தெபால் பக்கம் ஒரு தோட்டத்துச் சுடுகாட்டில் அஞ்சலையைப் புதைத்திருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துப் பல காலமாகிவிட்டது. சுடுகாடு மட்டும் செம்பனைக்கு நடுவில் ஒரு தீவு மாதிரி கிடக்கிறது. சிமெண்டுக் கல் இரண்டாக வெடித்து, எழுத்தில் 'அஞ்ச' மட்டும் மிச்சம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரத்தில் பணம் சேர்ந்தது. கல்லில் என்ன எழுதுவது என்று யாரோ கேட்க, பெரியப்பா ஒரே வரியில் முடித்தார்: "அஞ்சலை, தகப்பனார் முத்தையா." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நான்தான், 'பெரியப்பா, மற்ற காகிதங்களில் வேறு மாதிரி இருக்கிறதே' என்று எழுதித் தொலைத்தேன்.

வம்சாவளி தேடும் மென்பொருள்களில் பெண்களுக்கென்று ஒரு கட்டம் உண்டு: கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர். முதல் தடவை அதைப் பார்த்தபோது என்ன போடுவதென்று விழித்தேன். நமக்கு ஏது குடும்பப் பெயர்? மலேசியாவில் தமிழ்ப் பெண் கல்யாணம் செய்தாலும் அடையாள அட்டையில் பெயர் மாறாது. என் அட்டையில் இன்றும் ஏ/பி போட்டு அப்பா பெயர்தான் இருக்கிறது. 'அனாக் பெரெம்புவான்', மகள் என்று அர்த்தம். அந்தக் காலத்துக் காகிதங்களில் அதே இடத்தில் ஆங்கிலச் சுருக்கம் இருக்கும்: டி/ஓ என்றால் மகள், டபிள்யூ/ஓ என்றால் மனைவி. ஒரே பெண் ஒரு காகிதத்தில் மகளாகவும் இன்னொன்றில் மனைவியாகவும் இருப்பாள். மனைவியாக எழுதிய காகிதம் நமக்கு உதவாது.

வெள்ளைக்காரருக்கு அந்தக் கட்டத்தில் விழுவது ஒரு வம்சத்தின் பெயர். அதை அண்ணன் தம்பி, பெரியப்பா மகன் என்று ஐம்பது பேர் சுமக்கிறார்கள். ஒரு காகிதத்தில் கெட்டுப்போனால் இன்னொன்றில் பிடித்துவிடலாம். நமக்கு விழுவது ஒரு தனி மனிதனின் பெயர். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தலைமுறை நிற்கும், பேரப்பிள்ளைகள் காலத்தில் உதிர்ந்துவிடும். அஞ்சலையின் காகிதங்களை விட்டால் அந்த மனிதர் எங்கள் கையில் வேறெங்கும் இல்லை.

கல்யாணப் பத்திரம் பார்க்கலாமே என்று ஒரு தங்கை கேட்டாள். தோட்டத்தில் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியதற்கு ஏது பத்திரம்? இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்கள் திருமணத்தைப் பதிந்தே ஆகவேண்டும் என்று வந்தது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால். அதுவும் 1982 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. அஞ்சலை அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆக, நான்கு காகிதங்களை வைத்துக்கொண்டுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

தமிழ்ப் பெயர் ரோமன் எழுத்துக்குப் போகும்போது இரண்டு பக்கமும் சேதம். நம்முடைய க ஒன்றுதான், அதைக் கே என்றும் ஜி என்றும் பிரிப்பார்கள். கோவிந்தனின் பிள்ளைகளில் ஒருவர் ஜி வரிசையிலும் ஒருவர் கே வரிசையிலும் உட்கார்ந்திருப்பார்கள். பாக்கியத்துக்கு பி இரண்டு விதம். நாம் பிரித்து வைத்திருப்பதையோ அவர்கள் ஒன்றாக்கிவிடுவார்கள்: ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எல், ந, ண, ன மூன்றுக்கும் ஒரே என். குறில் நெடில் கணக்கே கிடையாது. எங்கள் கழுத்தை அறுத்தது டி. அது த-வாகவும் இருக்கலாம், ட-வாகவும் இருக்கலாம்.

இந்த எழுத்துக் குழப்பத்தைச் சமாளிக்க சவுண்டெக்ஸ் என்று ஒரு முறை உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் ரசல் என்பவர் 1918இல் காப்புரிமை வாங்கியது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தூக்கியெறிந்து, மற்ற மெய்களுக்கு எண் போடும். ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களெல்லாம் ஒரே எண்ணில் வந்து விழும். ஆசையாகப் போட்டுப் பார்த்தேன். முத்தையன் எம்350. மொட்டையன் என்று ஒரு பேச்சுக்குப் போட்டேன், அதுவும் எம்350. ஆனால் ஜி போட்ட கோவிந்தனும் கே போட்ட கோவிந்தனும் அதற்கு வேறு வேறு ஆள். முதல் எழுத்தை அது தொடுவதில்லையே. நமக்கு எங்கே சேர்க்க வேண்டுமோ அங்கே பிரிக்கிறது, எங்கே பிரிக்க வேண்டுமோ அங்கே சேர்க்கிறது. நல்ல கருவிதான், வேறு யாருக்கோ.

ஆனால் ஒன்று நடந்தது. ஒரு பேச்சுக்குப் போட்ட மொட்டையன் மனசில் உட்கார்ந்துகொண்டார்.

தாத்தாவின் சூராட் பெரானாக்கை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை அந்தப் பெயரைப் பார்க்கவில்லை, எழுதியவரைப் பார்த்தேன். தோட்டத்துக் கிராணிகள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர்கள் அல்லது மலையாளிகள். யாழ்ப்பாணத்துக்காரர் கையில் த என்றால் டி-க்குப் பக்கத்தில் எச் தவறாமல் வரும், வெறும் டி ட-வுக்கு. துரைமார் எழுதினால் எல்லாமே வெறும் டி. தம்பியும் டி, தங்கமும் டி. அப்படியானால் இந்தக் காகிதத்தை எழுதியவர் எந்தப் பள்ளி? அதே காகிதத்தில் இன்னொரு பெயர் இருக்கிறது: பிள்ளையின் அப்பா, அதாவது அஞ்சலையின் புருஷன், நாகமுத்து. முத்துவில் எச் இருக்கிறது. அதே கை, அதே மை, இரண்டு விரற்கடை தள்ளி, அஞ்சலையின் அப்பா பெயரில் எச் இல்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்தது அந்த ஓ. பேச்சில் நாம் உ-வை ஒ ஆக்குவோம்தான். முகத்தை மொகம் என்கிறோம், குடத்தைக் கொடம் என்கிறோம். அதனால் ஓ போட்டிருந்தாலும் முத்தையனாக இருக்கலாமே என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். வாதம் நிற்கவில்லை. முத்தை யாரும் மொத்து என்று சொல்வதில்லை. மொத்து என்றால் முதுகில் விழுவது. மெய் இரட்டித்து வரும் இடத்தில் வாய் உ-வை விட்டுக்கொடுப்பதில்லை, முட்டையும் முட்டைதான், முத்தமும் முத்தம்தான். கிராணி ஓ என்று எழுதினார் என்றால், அவர் காதில் ஒ விழுந்திருக்கிறது.

இருந்தாலும் இது யூகம். எழுதினவர் அசந்திருக்கலாம், ஒரு எச்சை விழுங்கியிருக்கலாம். ஓர் அலுவலகத்தில் போய்த் தேடச் சொன்னேன். கவுன்டரில் இருந்தவர் நல்ல மனிதர்தான். ஒரு எழுத்துக்கூட்டலைத் தட்டினார், இல்லை என்றார். இன்னொன்று சொன்னேன், தட்டினார், இல்லை. மூன்றாவதாக ஒன்றைச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்து, மலாயில், 'அக்கா, உங்களுக்கு அவருடைய பெயர் தெரியுமா தெரியாதா?' என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பட்டர்வொர்த் பாட்டியிடம் போனேன். தாத்தாவின் தங்கை, அஞ்சலை பெற்றதில் இன்றைக்கு உயிரோடிருக்கும் ஒரே பிள்ளை. எண்பதைத் தாண்டிவிட்டார். பினாங்குப் பாலம் 1985இல் வந்துவிட்டாலும் பாட்டி வீட்டுக்கு நான் பெர்ரியில்தான் போவேன். ஜெட்டியில் இறங்கினால் கொஞ்ச தூரம்தான், ஒரு பை நிறைய முறுக்கோடு.

உண்மையில் இது இரண்டாவது தடவை. தொடக்கத்திலேயே போனில் கேட்டிருந்தேன். "பாட்டி, உங்க அம்மாவோட அப்பா பேரு என்ன?" பாட்டி கொஞ்சம் பொறுத்து, "முத்தையான்னு எழுதிக்க பாப்பா" என்றார். நானும் எழுதிக்கொண்டேன். இப்போது பெர்ரியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. பேர் முத்தையா என்று பாட்டி சொல்லவில்லை. எழுதிக்கச் சொன்னார்.

காப்பி குடித்து முடிக்கும்வரை ஊர்க்கதை. அப்புறம் காகிதங்களைப் பரப்பினேன். முத்துவின் எச்சைக் காட்டினேன். பாட்டிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, ஆனால் நான் என்ன கேட்கிறேன் என்பது நன்றாகப் புரிந்தது. வெகுநேரம் கையில் இருந்த முறுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணன் கல்யாணத்து மொய் நோட்டு உள்ள ட்ரங்குப் பெட்டியில இருக்கும். எடுத்துட்டு வா."

எதற்கு என்று கேட்கவில்லை. கரப்பான் முட்டை வாசனையோடு ஒரு நீளமான கணக்குப் புத்தகம், நூலால் தைத்தது. மேலே பிள்ளையார் சுழி, மஞ்சள் கறை. தமிழில் நுணுக்கி நுணுக்கி எழுதிய கை. பாதி இடத்தில் புள்ளியே வைக்கவில்லை. பெயர், லயம், எத்தனை வெள்ளி. ஐம்பது காசு மொய் கூட இருந்தது. எங்கே தேட வேண்டும் என்று நான் கேட்பதற்குள் பாட்டி, "மொதப் பக்கத்துல பாரு. தாய்மாமன்தானே மொதல்ல" என்றார்.

எனக்கு ஏன் இது முன்பே தோன்றவில்லை என்று இன்றும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். மென்பொருளில் ஒரு கட்டம் வைத்துத் தேடுவதை நாம் தாய்மாமன் என்ற ஆளாகவே வைத்திருக்கிறோம். காது குத்துவதில் தொடங்கிக் கல்யாணம் வரை எந்த விசேஷத்திலும் முதல் சீர் அவருடையது. அம்மா பிறந்த வீடு அந்த ஒரு ஆள் வழியாகத்தான் சபையில் வந்து நிற்கும். மாப்பிள்ளையின் தாய்மாமன் என்றால் அஞ்சலையின் கூடப்பிறந்தவர். அஞ்சலையின் அப்பா யாரோ அவர்தான் அவருக்கும் அப்பா.

முதல் வரி: 'தாய்மாமன் மொ. காளிமுத்து. வேட்டி துண்டு. 11 வெள்ளி.'

மொ.

ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் வெறும் எம். அதில் முத்தையாவும் வருவார், முனியாண்டியும் வருவார், மாரிமுத்துவும் வருவார். எழுதியவர் தமிழில் யோசித்துத் தமிழில் எழுதியதால் ஒரு கொம்பும் ஒரு காலும் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மு இல்லை, மூ இல்லை, மொ. அதற்கு மேல் ஒரு எழுத்தும் தேவைப்படவில்லை.

"மொட்டையனா பாட்டி?"

"அவருக்கு முன்னாடி பொறந்தது ரெண்டும் தங்கலையாம். பழனிக்கு வேண்டிக்கிட்டு, இவரு பொறந்ததும் முடியெறக்கி, மொட்டையன்னே கூப்பிட்டிருக்காங்க. அப்பல்லாம் அப்படித்தானே. எங்க லயத்துலயே எத்தனை குப்பன், எத்தனை பிச்சை."

அதுதான் விஷயம். பிறந்த பிள்ளைகள் தொடர்ந்து செத்தால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டியெடுத்துக் குப்பன் என்று கூப்பிடுவார்கள், மூக்கைக் குத்தி மூக்கன் என்பார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று நினைத்து எமன் தாண்டிப் போய்விடுவானாம். அந்தப் பெயர்களில் எனக்குத் தெரிந்து கேவலம் எதுவும் இல்லை. பெற்றவள் பயந்துபோய் வைத்த பெயர்கள் அவை. ஆனால் ஒரு தலைமுறை தாண்டி, கடல் தாண்டி வந்தபின் காதில் வேறு மாதிரிதான் விழும்.

தாத்தாவின் காதில் அப்படி விழுந்திருக்கிறது. தோட்டத்திலிருந்து நடந்துபோய் ஆங்கிலப் பள்ளியில் படித்த பையன். கூடப் படித்தவர்கள் எல்லா இனமும். யாரோ அர்த்தம் கேட்டு, இவரும் வெகுளியாகச் சொல்லிவிட, அதற்குப் பிறகு அவர் பெயர் போத்தாக். மலாயில் வழுக்கை. தலை நிறைய முடியோடு இருந்த பையனை மூன்று வருஷம் போத்தாக் என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

1948இல் அவசரகாலம் அறிவித்ததும் மலாயாவில் அடையாள அட்டை கொண்டுவந்தார்கள். படம், கட்டைவிரல் ரேகை. தோட்டத்தில் வரிசையாக நிற்க வைத்துப் பதிந்தபோது, எழுதுகிறவருக்கும் சனங்களுக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினேழு வயசுப் பையன், அம்மாவின் முறை வந்தபோது பக்கத்தில் நின்றான். தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார்கள். அஞ்சலை தமிழில் சொன்னார். பையன் ஆங்கிலத்தில் சொன்னான்.

"அம்மாவுக்குத் தெரியுமா பாட்டி?"

"லயத்துக்கு வந்ததும் அண்ணனே சொல்லிருச்சு. அம்மா ஒண்ணும் திட்டல. நல்லாத்தாம்பா இருக்குன்னு சொன்னாங்க. அப்புறம் மூணு நாளு அண்ணங்கூடப் பேசல."

நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். பாட்டியே தொடர்ந்தார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அண்ணன் கேட்டுக்கொண்டாராம். சொல்லமாட்டேன் என்று கையடித்துக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் என்னிடமும் வாயால் சொல்லவில்லை, நோட்டை எடுக்கச் சொன்னார். மொட்டையன் என்று முதலில் சொன்னவள் நான். பாட்டி அதை மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

கிராணிகளைக் குறை சொல்லிக்கொண்டுதான் இத்தனை மாதம் திரிந்தேன். பாவம், அவர்கள் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள். தாத்தாவின் சூராட் பெரானாக்கை எழுதியவர் துல்லியமாகவே எழுதியிருக்கிறார். நான்கில் தப்பான ஒரே காகிதம், எழுத்துப்பிழையே இல்லாமல் இருந்தது. அதை எழுதவைத்தவர் எங்கள் வீட்டு ஆள். மற்ற மூன்றையும் முத்தையா என்று படிக்க ரோமன் எழுத்து வசதியாக இடம் விட்டது, நாங்களும் எழுபது வருஷம் சந்தோஷமாக அப்படியே படித்துக்கொண்டோம். தாத்தாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. போத்தாக் என்று கூப்பிடப்பட்ட அந்தப் பையனை நினைத்தால் அந்த இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

வாட்ஸ்அப் குழுவில் மொய் நோட்டின் படத்தைப் போட்டேன். கதையைப் போடவில்லை, அது பாட்டியின் வாக்கு சம்பந்தப்பட்டது. (இப்போது இதை எழுத பாட்டியிடம் அனுமதி வாங்கினேன். "அண்ணன்தான் போயிருச்சே, எழுதிக்க" என்றார். இந்தத் தடவை எழுதிக்க என்றால் எழுதிக்கதான்.) பெரியப்பா தனியாகப் போன் செய்தார். ஒரு எழுத்தை வைத்து என்ன முடிவுக்கு வருவது, மொ என்பது யாரோ ஒரு படிக்காதவன் மு-வைத் தப்பாக எழுதியதாக இருக்கும் என்றார். அரை மணி நேரம் முத்தையாத் தாத்தாவைப் பற்றிப் பேசினார். கங்காணியாக இருந்தவராம், துரையே எழுந்து நின்று பேசுவாராம். இவ்வளவும் பெரியப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கடைசியில், "கல்லுல அந்தப் பேரையாம்மா போடப்போற?" என்றார். கெஞ்சுகிற குரல். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாட்டிதான் முடிவு செய்தார். பெற்ற மகள், அவர் சொன்னால் சொன்னதுதான். "எங்கம்மாவுக்கு அவரு மொட்டையன்தான். அப்படியே போடு. இங்கிலீஷ்ல வேணாம்."

கல் செய்கிறவர் பட்டர்வொர்த்தில் ஒரு சீனர். தமிழ் தெரியாது, ஆனால் நாற்பது வருஷமாகத் தமிழ்க் கல் செதுக்குகிறார். கணினியில் அடித்துக் கொடுத்தால் அப்படியே பார்த்து வெட்டிவிடுவார். மாதிரியைப் போனில் அனுப்பினார். அவருடைய கணினியில் எழுத்துரு தகராறு. கொம்பு ஒரு பக்கம், ம ஒரு பக்கம், கால் தனியாக ஒரு வட்டத்தோடு தொங்கியது. படமாக மாற்றி அனுப்பினேன், சரியாக வந்தது. இருந்தாலும் மனசு கேட்காமல், வெட்டுகிற அன்று நேரில் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். "இது ஒரே எழுத்து, மூன்று துண்டு இல்லை" என்று சைகையில் காட்டினேன். "தௌலா, தௌலா," தெரியும் தெரியும் என்றார், உளியை எடுக்காமலே.

ஆடி மாதம் கல்லை வைத்தோம். பாட்டியைச் சக்கர நாற்காலியில் செம்பனைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போனோம். பெரியப்பா வரவில்லை, முழங்கால் வலி என்றார். படம் எடுத்துக் குழுவில் போட்டேன். எல்லோரும் கும்பிட்ட கைகளை அனுப்பினார்கள். அவரும் அனுப்பியிருந்தார், ராத்திரி இரண்டு மணிக்கு மேல்.